முறை வைத்துச் சுமந்த வலி

சீனித்தாயின் முதுகுக்கு நடந்த அநியாயங்களை வரிசை மாறாமல் சொல்ல வேண்டும். மாற்றிச் சொன்னால் அவளே கையை உயர்த்தி நிறுத்தி, மறுபடி முதலிலிருந்து தொடங்கச் சொல்வாள்.

முதலாவது, பாவாடை கட்டிய வயதில் அவள் முதுகில் மிளகாய் வத்தல் மூட்டையை ஏற்றியவர்கள், பெண்பிள்ளை என்பதற்காகக் கூலியைப் பாதியாக்கினார்கள், மூட்டையைப் பாதியாக்கவில்லை. இரண்டாவது, சிவலாங்குடிச் சந்தையின் மண்டிக்காரர்கள் கூடிப் பேசிச் சாக்கைப் பெரிதாகத் தைக்கச் சொன்னார்கள். சாக்கு வளர்ந்தது, கூலி வளரவில்லை. மூன்றாவது, அதைக் கேட்டுச் சந்தை வாசலில் உட்கார்ந்தபோது ஒரு போலீஸ்காரர் தடியால் இடுப்பில் போட்டார். அடித்ததையாவது அவள் மன்னித்துவிட்டாள், அடித்த கையோடு "எந்திரிம்மா, வெயில்ல உக்காந்தா இடுப்பு புடிச்சுக்கும்" என்று அக்கறை காட்டியதை இன்றுவரை மன்னிக்கவில்லை. நான்காவது, மூட்டை எடையைக் குறைப்பதாக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட மண்டிக்காரர் குணசீலன், எடையைக் குறைக்காமல் தராசைத் திருத்தினார். ஐந்தாவது, மாவட்ட மாநாட்டு மேடைக்கு அவளைக் கூப்பிட்டவர்கள் பேசச் சொல்லவில்லை, தலைவருக்குச் சால்வை போர்த்தச் சொன்னார்கள். நாற்காலியில் சாய்ந்திருந்த மனிதருக்குக் குனிந்து போர்த்தும்போதுதான் முதுகுக்குள் முதன்முதலாக ஏதோ இடம் மாறிய சத்தம் கேட்டது. ஆறாவது, பத்துப் போட்டவர்கள், சுளுக்கு எடுத்தவர்கள், முதுகின் மேல் ஏறி மிதித்தவர்கள் எல்லோரும் சேர்ந்து செய்தது. ஏழாவது, வயசாயிருச்சு என்று ஊர் சொன்னது. "மூட்டை தூக்குனான்னு ஒருத்தன் வாயிலயும் வராது. வயசாயிருச்சுன்னு மட்டும் வந்துரும்" என்பாள்.

எட்டாவது அநியாயத்தைச் செய்தது அவளுடைய சொந்தச் சங்கம். அதற்கு முன்னால் ஆப்பரேஷன்.

நகரத்துப் பெரியாஸ்பத்திரியில் படம் எடுத்துப் பார்த்த டாக்டர் ஞானதீபம், முதுகெலும்பின் கணுக்களில் ஒன்று தன் கீழே உள்ளதை விட்டு முன்னால் நழுவியிருக்கிறது என்றும், அதனால்தான் காலுக்குப் போகிற நரம்பு நசுங்குகிறது என்றும், இரண்டையும் சேர்த்து ஒன்றாக ஒட்ட வைக்க வேண்டும் என்றும் சொன்னார். கம்பியும் திருகும் வைப்பார்கள். ஆனால் அவை பந்தல்கால் மாதிரிதான். இடுப்பிலிருந்து எடுத்து நடுவில் வைக்கிற எலும்பு வளர்ந்து, பிடித்து, கெட்டியாக வேண்டும். அது மெதுவாகத்தான் நடக்கும், அவசரப்படுத்த முடியாது என்றார்.

"ரெண்டு எலும்பு ஒண்ணு சேர்றதுக்கு இத்தனை வேலையா?" என்றாள் சீனித்தாய். "நான் முரண்டு பிடிச்ச மனுசங்களையே ஒண்ணு சேத்திருக்கேன் டாக்டரம்மா."

"அவங்களுக்கும் திருகு போட்டீங்களா?"

சீனித்தாய்க்கு அந்த டாக்டரை அப்போதே பிடித்துவிட்டது. ஆனால் அடுத்து அவர் புகையிலையை விடச் சொன்னதும் பிடிக்காமல் போனது. புகையிலை போட்டால் எலும்பு ஒட்டாது என்றார். சிறைக்குள்கூடத் தலைகாணி உறையில் ஒளித்து வைத்துப் போட்ட புகையிலையை அவள் விட்டாள்; விட்ட நாட்களில் சங்க அலுவலகத்தில் அவளிடம் யாரும் நேராகப் பேசவில்லை, சுவரைப் பார்த்துப் பேசிவிட்டு ஓடினார்கள். மூன்று பந்து போட்ட ஒரு குழாயைக் கொடுத்து, மூச்சை இழுத்துப் பந்தை மேலே தூக்கிப் பழகச் சொன்னார்கள். அதைச் சந்தைக்குக் கொண்டுபோய் வைத்ததும் வத்தல் காம்பு கிள்ளுகிற பெண்கள் முதல் லாரி டிரைவர்கள் வரை வரிசையில் நின்று இழுத்துப் பார்த்தார்கள். மிளகாய் நெடியில் வளர்ந்த நுரையீரல்கள் ஒரு பந்தைக்கூட அசைக்கவில்லை. அது தனி அநியாயம் என்று சீனித்தாய் குறித்துக்கொண்டாள்.

ஆப்பரேஷனுக்குச் சம்மதக் கையெழுத்து கேட்ட சின்ன டாக்டரிடம், ஒரு தரப்பு மட்டும் கையெழுத்துப் போடுகிற ஒப்பந்தத்தில் தான் கை வைப்பதில்லை என்று சொல்லி, காகிதத்தை வார்டு முழுக்கக் கேட்கும்படி எழுத்துக்கூட்டி வாசித்தாள். எழுத்தை அவள் பள்ளிக்கூடத்தில் படிக்கவில்லை, துண்டறிக்கைகளில் படித்தவள். அதனால் எதை வாசித்தாலும் அறைகூவல் போலத்தான் வரும். மயக்க மருந்தினால் ஏற்படக்கூடிய விளைவுகளை அவள் வாசித்து முடித்தபோது எதிர்க்கட்டில் நோயாளி கையைத் தட்டினார். ஞானதீபம் வந்து தானும் ஒரு கையெழுத்துப் போட்ட பிறகுதான் விஷயம் தீர்ந்தது.

ஆப்பரேஷன் அன்று காலையில் நர்ஸ், பச்சைத் தண்ணீர்கூடப் பல்லில் படக் கூடாது என்றார். கூட இருந்த மூக்கம்மா, காம்பு கிள்ளுவதில் சந்தையிலேயே வேகமான கையும் அதைவிட வேகமான வாயும் உள்ளவள், உடனே ஊருக்குப் போன் போட்டு, தலைவி உண்ணாவிரதம் தொடங்கிவிட்டாள் என்று சொன்னாள். ஏன் என்று அங்கே ஒருவரும் கேட்கவில்லை. சீனித்தாய் உண்ணாவிரதம் இருந்தால் காரணம் இருக்கும். வெயில் ஏறுவதற்குள் லாரியில் வந்து இறங்கிய சுமைப்பணிச் சங்கம் ஆஸ்பத்திரி வாசலில் சாமியானா போட்டு உட்கார்ந்தது. கோரிக்கை என்னவென்று தெரியாததால் தட்டியில் 'கோரிக்கையை உடனே நிறைவேற்று' என்று மட்டும் எழுதியிருந்தார்கள். மதியம் தாண்டி ஞானதீபம் முகமூடியைக் கழற்றிக்கொண்டு வெளியே வந்து, கம்பி வைத்தாயிற்று, நன்றாக இருக்கிறார் என்றதும், கோரிக்கை ஏற்கப்பட்டதாக அறிவித்து, அவர் கையாலேயே எலுமிச்சம் பழச்சாறு வாங்கிக் குடித்து எழுந்தார்கள்.

அதற்குப் பிறகுதான் அது நடந்தது.

அது எப்படி நடந்தது என்று புரிய, சிவலாங்குடிச் சந்தையில் 'ஆள் மாத்து' என்று ஒரு வழக்கம் உண்டு, அது தெரிய வேண்டும். மூட்டையோடு போகிறவர் முழங்கால் மடங்கினால் யாரும் ஓடிப்போய்க் கை வைக்கக் கூடாது. மேஸ்திரி ஒரு பெயரைக் கூப்பிட வேண்டும், தாயார் பெயரோடு சேர்த்து, குறைந்தது இரண்டு பேர் காதில் விழும்படி. அந்தப் பெயருக்கு உரியவர் வந்து முதுகு கொடுத்த பிறகுதான் மூட்டை மாறும். கூலித் தகராறு வராமலிருக்க என்றைக்கோ வைத்த ஏற்பாடு. மேஸ்திரி சங்கிலி, சங்கச் செயலாளரும் அவன்தான், வாழ்நாளில் பாதியை அந்தக் கூப்பாட்டிலேயே கழித்தவன்.

மயக்கம் தெளிந்து சீனித்தாய் கண் திறந்தபோது அவள் முதுகின் மேல் ஒரு லாரி நின்றுகொண்டிருந்தது. இன்ஜினை அணைக்காமல் நின்றது. அவள் கத்தவில்லை, பல்லைக் கடித்தாள், உதட்டோரம் இழுத்துக்கொண்டது. கட்டிலருகே நின்ற சங்கிலி அந்த முகத்தைப் பார்த்தான். லாரிக்கு ஏறுகிற ஏணிப் பலகையில் முழங்கால் மடங்குகிறவர்களின் முகம். யோசிக்காமல், பழக்கத்தில் வாய் திறந்தது.

"ஆள் மாத்து. ராக்காயி மக மூக்கம்மா."

மூக்கம்மாவும் பழக்கத்தில் முதுகைத் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்தவள் அப்படியே பக்கத்துக் கட்டிலில் உட்கார்ந்தாள்.

"அடி ஆத்தே" என்றாள் மெதுவாக. "மதினி, இதை வச்சுக்கிட்டா சும்மா கிடந்தே?"

சீனித்தாய் கூரையைப் பார்த்தாள். லாரி போய்விட்டது. "பசிக்குது" என்றாள். "இட்லி இருக்கா?"

ஊசியோடு வந்த நர்ஸ் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, அட்மிஷன் இல்லாதவர்களுக்கு ஊசி கிடையாது என்று சொல்லித் திரும்பிப் போனார். ஆஸ்பத்திரி இந்த விஷயத்தில் எடுத்துக்கொண்ட ஆச்சரியம் அவ்வளவுதான். சீனித்தாய்க்கு வந்தது ஆச்சரியமல்ல, கோபம். இட்லியைத் தின்று முடித்த பிறகு வந்தது. பொதுக்குழுவைக் கூட்டாமல், தீர்மானம் போடாமல், உரியவளைக் கேட்காமல் ஒருவருடைய வலியை எப்படி மாற்றலாம் என்று அவள் சங்கிலியைக் கேட்டாள். பிறத்தியார் முதுகில் தன் பாரத்தை இறக்கி வைத்து அவளுக்குப் பழக்கமில்லை. அவள் பாரத்தை இறக்கி வாங்க இதுவரை ஒருவரும் வந்ததுமில்லை. எனவே வார்டிலேயே அவசரக் கூட்டம் நடந்தது. தலைவியின் வலியைச் சங்கம் முறை வைத்துச் சுமப்பது என்ற தீர்மானத்தைச் சங்கிலி கொண்டுவர, மூக்கம்மா படுத்தபடியே வழிமொழிய, சீனித்தாய் ஒருத்தி மட்டும் எதிர்த்து வாக்களிக்க, தீர்மானம் நிறைவேறியது.

அப்படித்தான் வலி சிவலாங்குடிக்கு வந்தது.

வேனில் சீனித்தாய் பாட்டுப் பாடிக்கொண்டு வந்தாள், முன்சீட்டில் வலியை வைத்துக்கொண்டு வந்த லோடுமேன் ஒவ்வொரு வேகத்தடைக்கும் டிரைவரின் குடும்பத்தை விசாரித்துக்கொண்டு வந்தான். வீட்டில் கட்டிலுக்குச் செங்கல் வைத்து உயர்த்தி, குடம் அடுப்பு செருப்பு எல்லாவற்றையும் இடுப்பு உயரத்துக்கு ஏற்றி வைத்திருந்தார்கள். அவள் தானாகத் திரும்பக் கூடாது, தோளும் இடுப்பும் ஒன்றாக, கட்டையை உருட்டுவதுபோல உருட்ட வேண்டும் என்று ஆஸ்பத்திரியில் சொன்னதைச் சங்கம் வேதவாக்காக எடுத்துக்கொண்டது. மூட்டை புரட்டுகிறவர்களுக்கு இதைவிட எளிதான வேலை இல்லை. தலைமாட்டில் ஒருவர் குரல் கொடுக்க, மற்றவர்கள் போர்வை நுனியைப் பிடித்து ஏலேலோ சொல்லி உருட்ட, தெருவில் போகிறவர்களும் நின்று ஒரு ஏலேலோ போட்டுவிட்டுப் போனார்கள்.

வலியோ ஊரோடு நன்றாகப் பழகிவிட்டது. காலை முறைக்கு ஒருவர், பகல் முறைக்கு ஒருவர், மாலைக்கு ஒருவர் என்று சந்தைக் கொட்டகையில் சங்கிலி பெயரைக் கூப்பிட, சுற்றி நின்றவர்கள் சாட்சியாகக் கேட்க, அது ஒரு முதுகிலிருந்து இன்னொரு முதுகுக்கு மரியாதையாக மாறியது. முறை வாங்கியவருக்குப் பஸ்ஸில் ஜன்னலோர சீட்டு, ரேஷன் கடையில் முதல் இடம், டீக்கடையில் சாய்மானம் உள்ள ஒரே நாற்காலி. ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரே இடுப்புப் பட்டை முதுகு மாறி முதுகு மாறித் தொப்பைக்குத் தொப்பை நீளமும் குட்டையுமாகி, கடைசியில் டெய்லர் பொன்னுராஜ் அதில் கூடுதலாக இரண்டு வரிசை ஊக்குத் தைத்துக் கொடுத்தார். வலிக்கு வெந்நீர் ஒத்தடம் பிடிக்கும், தும்மல் பிடிக்காது என்பது தெரிந்து, மிளகாய்ச் சந்தையில் முறைக்காரர் நடந்து வந்தால் காற்றடிக்கும் பக்கம் சாக்கைத் தூக்கிப் பிடித்தார்கள். கல்யாணத்தன்று காலை முறையை வீம்புக்கு வாங்கிய மாப்பிள்ளை மணவறையில் அசையாமல் நிமிர்ந்து உட்கார்ந்திருந்த படத்தைப் பார்த்துப் பெண்வீட்டார், எவ்வளவு அடக்கம் என்று மெச்சினார்கள். பேச்சுவார்த்தை அறுந்துபோயிருந்த அண்ணன் தம்பி இருவர், முறை மாறும்போது முதுகோடு முதுகு நிற்க வேண்டியிருந்ததால், அப்படியே நின்று பாகப்பிரிவினையைப் பேசி முடித்தார்கள். ஊரே குனியாமல் முழங்கால் மடக்கிப் பொருள் எடுக்கவும், ஒருக்களித்துப் படுத்துக் கையை ஊன்றிப் படுக்கையிலிருந்து எழவும் கற்றுக்கொண்டது. முறை கிடைக்காதவர்கள் கோபித்துக்கொண்டார்கள். என் முதுகு மட்டும் என்ன மட்டமா என்று கேட்டு ஒரு வாத்தியார் சங்க அலுவலகத்தில் சண்டை போட்டார்.

குணசீலனும் வந்து கேட்டார். ஊரில் இரண்டு பேர் சேர்ந்தால் வலியைப் பற்றித்தான் பேச்சு, அவர் வந்தால் பேச்சு நின்றுவிடுகிறது. அதைத் தாங்க முடியாமல் வந்தார்.

"எனக்கும் ஒரு முறை போடு சங்கிலி. ஊரோட ஒத்துத்தான போகணும்."

"வர்க்க எதிரிக்கு வலியைக் கொடுக்கலாமா?" என்று சங்கத்தில் பெரிய விவாதம் நடந்தது. சீனித்தாய் கட்டிலில் இருந்தபடியே, கொடுக்கலாம், ஆனால் லாரி ஏற்றுகிற நாளில், மூட்டை ஏற்றும் நேரத்தில் மட்டும் என்று திருத்தம் அனுப்பினாள். வேலம்மாள் மகன் குணசீலன் என்று சங்கிலி கூப்பிட்டபோது தங்கப் பித்தான் போட்ட சட்டையோடு முதுகைக் காட்டியவர், அடுத்த கணம் தன்னுடைய மூட்டை ஒன்றின் மேலேயே கவிழ்ந்தார். அதன்மேல் கிடந்தபடி லோடு முழுதும் ஏறுவதைப் பார்த்தார். மறுநாள் சாக்குகள் முக்கால்தான் நிரம்பியிருந்தன. தராசும் தானாகத் திருந்தியிருந்தது.

சந்தையே கூத்தாடியது. அன்று சீனித்தாயும் ஆடினாள். அதுதான் வம்பு.

அவளுக்குத்தான் வலியே இல்லையே. குனியாதே, தூக்காதே, திருகாதே என்று டாக்டர் சொன்ன மூன்றும் முதலில் நினைவிருந்தது. வலிக்காத உடம்பில் நினைவு எத்தனை நாள் நிற்கும்? பிடித்து நடக்க ஆஸ்பத்திரியில் கொடுத்த வாக்கரை ஓரம் வைத்தாள். குடத்தை நகர்த்தினாள். பக்கத்து ஊர்ச் சங்கத்தின் வாயிற்கூட்டத்துக்கு மினிபஸ்ஸில் நின்றுகொண்டே போய்ப் பேசினாள். வாழ்க்கையில் முதல் தடவையாக உடம்பு காற்று மாதிரி இருந்தது. தெருவில் நடக்கும்போது தரை தன்னைத் தாங்குகிறதா, தான் தரையை இழுத்துக்கொண்டு போகிறாளா என்று அவளுக்கே தெரியவில்லை, சிரிப்புச் சிரிப்பாக வந்தது, சிரித்துக்கொண்டே கொட்டகை நடுவில் இரண்டு சுற்றுச் சுற்றினாள்.

மறுபரிசோதனைக்குப் போனபோது ஞானதீபம் படத்தை வெளிச்சத்தில் பிடித்து நெடுநேரம் பார்த்தார்.

"வலி எப்படிம்மா இருக்கு?"

"எனக்கா? சுத்தமா இல்லை."

"அதுதான் எனக்குப் பயமா இருக்கு."

சீனித்தாய் முறை விவரத்தைச் சொன்னாள். டாக்டர் தலையாட்டிக் கேட்டுவிட்டு, "சரி, இப்ப யார்கிட்ட இருக்கு?" என்றார்.

"பழக்கடை சேவுகன்கிட்ட."

"அவருக்கு எப்படி இருக்காம்? குறைஞ்சிருக்கா?"

"குறையவே இல்லைன்னு பெருமையாச் சொல்லிக்கிட்டுத் திரியுறான்."

"இந்நேரம் பாதியாக் குறைஞ்சிருக்கணும்" என்றார் ஞானதீபம். படத்தில் ஒரு திருகின் ஓரம் மெல்லிய கருப்புக் கோடு இருந்தது. "எலும்பு ஒட்டலை. திருகு தளர ஆரம்பிச்சிருச்சு. எவ்வளவு நடக்கலாம், எங்க நிறுத்தணும்ங்கிறதை நான் கூடவே வந்து சொல்ல முடியாது. அதைச் சொல்றது வலி. அதை ஊருக்குக் கொடுத்துட்டு நீங்க ஆடிக்கிட்டிருக்கீங்க. இப்படியே போனா மறுபடி திறக்கணும். மறுபடி திறந்தா இந்தக் கால் நடக்கும்னு என்னால சொல்ல முடியாது. வாங்கிருங்க."

வாங்கிவிடலாம் என்றுதான் சீனித்தாயும் நினைத்தாள். கேட்டால் கொடுக்காமலா போவார்கள்?

கொடுக்கவில்லை. பொதுக்குழுவில் கை தூக்கி மறுத்துவிட்டார்கள். அதுதான் எட்டாவது.

"அக்கா, சொன்னாக் கோவிச்சுக்காதே" என்றான் சங்கிலி, அவள் முகத்தைப் பார்க்காமல். "நீ முப்பது வருசம் கொடி பிடிச்சுக் குறையாத சாக்கு, குணசீலன் ஒருவாட்டி சுமந்ததும் குறைஞ்சிருச்சு. இன்னும் மத்த மண்டிக்காரனுக பாக்கி இருக்கானுக. இப்பப் போயி ஆயுதத்தைக் கீழ வைக்கச் சொல்றியே."

"ஏலே, அது ஆயுதமில்லை. என் முதுகு."

"பொதுக்குழுத் தீர்மானம் அக்கா. நான் ஒருத்தன் மாத்த முடியுமா? நீதான இதெல்லாம் சொல்லிக் கொடுத்தே."

சொந்தச் சங்கத்தை எதிர்த்து என்ன செய்வது? மற்றவர்களை எதிர்த்துச் செய்ததைத்தான். 'என் வலி எனக்கே' என்று தலைப்பிட்டுத் துண்டறிக்கை எழுதினாள். சந்தைப் பெருமக்களே, தாய்மார்களே, ஓர் உழைப்பாளியின் கடைசி உடைமையும் பறிக்கப்படுவதைப் பாரீர் என்று தொடங்கியது அது. இடுப்புப் பட்டை மாலை முறைக்காரரிடம் இருந்ததால் துண்டை இறுக்கிக் கட்டிக்கொண்டு, நெடுநேரம் உட்காரக் கூடாது என்பதால் வாக்கரைப் பிடித்து நின்றபடியே சங்க அலுவலக வாசலில் மறியல் செய்தாள். விசாரிக்க வந்த இன்ஸ்பெக்டர், தலைவி யார் என்று கேட்டார், சீனித்தாய் என்றார்கள்; எதிர்த்துப் போராடுவது யார் என்று கேட்டார், சீனித்தாய் என்றார்கள்; இரண்டு தரப்பும் பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டு டீ குடிக்கப் போனார். அவளை ஆதரித்து வந்த ஒரே ஆள் குணசீலன். வலியை உரியவரிடம் கொடுத்துவிடுவதே நியாயம் என்று அவர் உருக்கமாகப் பேசப் பேச, அவள் பக்கம் சாய்ந்திருந்த இரண்டொருவரும் எதிர்ப்பக்கம் போய் நின்றார்கள்.

கால் விரல்கள் மரத்துப்போக ஆரம்பித்தன. வலி இல்லை, விரல்கள் இருக்கின்றனவா என்று பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டியிருந்தது. பாடிக்கொண்டும் ஆடிக்கொண்டும் இருந்தவள் அதற்குப் பிறகு நின்ற இடத்தைவிட்டு நகரப் பயந்தாள்.

மூக்கம்மாதான் வந்து வாக்கரின் மறுபக்கக் கம்பியைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயும் கொடுக்கக் கூடாதுன்னுதான கை தூக்குனே?" என்றாள் சீனித்தாய்.

"ஆமா மதினி."

"ஏன்டி?"

மூக்கம்மா தன் கைகளைப் பார்த்தாள். காம்பு கிள்ளிக் கிள்ளி நகம் தேய்ந்த, எப்போதும் எரிகிற விரல்கள். "எனக்கு இடுப்பு விட்டுப்போயி எத்தனை வருசமாச்சு. வீட்டுல ஒரு நாய் ஏன்னு கேட்டதில்லை. உன் வலியைத் தூக்கிட்டுப் போன அன்னைக்குத்தான் மருமக நாற்காலி எடுத்துப் போட்டா. 'உக்காருங்க அத்தே, தலைவி வலி வச்சிருக்கீங்க'ன்னா. காப்பி வந்துச்சு. அதைத் திருப்பிக் கொடுத்துட்டா, நாற்காலியும் போயிரும்ல?"

சீனித்தாய் அந்த விரல்களைப் பார்த்தாள். எதிராளியின் வாதம் சரியாக இருந்தது. அது அவளுக்கு அடிக்கடி நடந்ததில்லை. பிறகு, "சங்கிலியைப் பொதுக்குழுவைக் கூட்டச் சொல்லு" என்றாள்.

சந்தை விடுமுறை நாளில், கொட்டகைக்குள் ஊரே கூடியது. அன்றைய முறைக்காரன் சங்கிலியேதான். செயலாளர் நாற்காலியில் விறைப்பாக, மூச்சை அளந்து விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தான். கடைசி வரிசையில் குணசீலன். சீனித்தாய் வாக்கரை ஊன்றி நின்றாள். எல்லோரும் துண்டறிக்கைக் குரலை எதிர்பார்த்தார்கள். வரவில்லை.

"காலு மரத்துப்போச்சு" என்றாள். "டாக்டரம்மா சொன்னதை எல்லாரும் கேட்டிருப்பீங்க. அதைச் சொல்லி அழ வரலை. ஒண்ணு மட்டும் கேட்டுட்டுப் போறேன். இங்க யாருக்கெல்லாம் சொந்தமா இடுப்பு வலி இருக்கு? என்னுதில்லை. சொந்தமா. கையைத் தூக்குங்க."

முதலில் கூச்சமாக ஒரு கை. பிறகு மூக்கம்மாவின் எரிகிற கை. பிறகு மூட்டை தூக்குகிறவர்கள், காம்பு கிள்ளுகிறவர்கள், சாக்குத் தைக்கிறவர்கள், மினிபஸ் டிரைவர், வாத்தியார், எல்லாக் கைகளும். கைகளைத் தூக்கிக்கொண்டு ஒருவரையொருவர் பார்த்தார்கள். பக்கத்து வீட்டில் இருப்பவருக்கும் இருக்கிறது என்று அன்றைக்குத்தான் தெரிந்ததுபோல.

"இம்புட்டையும் உள்ள வச்சுக்கிட்டு என்னுதுக்கு வரிசையில நிக்கிறீங்க" என்றாள் சீனித்தாய். "என் வலி போனா ஆயுதம் போயிரும்ங்கிறான் சங்கிலி. இந்தச் சந்தையில வலிக்கா பஞ்சம்? நாளைக்கு மூக்கம்மா இடுப்பைப் பேர் சொல்லி மண்டிக்காரருக்கு மாத்துங்க. நாளன்னைக்கு டிரைவர் கழுத்து. எத்தனை மண்டி இருக்கோ அத்தனைக்கும் வரும், மிச்சமும் இருக்கும். நாற்காலியை உங்க வலிக்குப் போடச் சொல்லுங்க. போடலைன்னா நான் வந்து உங்க வீட்டு வாசல்ல நிக்கிறேன். நிக்க எனக்குக் கால் வேணும்."

கடைசி வரிசையில் ஒரு நாற்காலி தரையில் உராய்ந்தது. குணசீலன் எழுந்துகொள்ளப் பார்த்தார். பக்கத்திலிருந்தவர்கள் அன்பாகத் தோளை அழுத்தி உட்கார வைத்தார்கள்.

"யோவ் செயலாளரே" என்றாள் மூக்கம்மா. "தூக்குன கை தூக்குனபடி இருக்கு, எண்ணிக்கிறீரா? தீர்மானம் நிறைவேறிருச்சு."

"தீர்மானம் எதுன்னே சொல்லலியே" என்றான் சங்கிலி.

"உமக்குத் தெரியாதாக்கும்."

கொட்டகை சிரித்தது. இடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள், வலிக்கிறது என்று சொல்லிச் சிரித்தார்கள், அப்படிச் சொல்லலாம் என்பதே புதிதாக இருந்ததால் மறுபடி சொன்னார்கள். ஒரு கையும் இறங்கவில்லை. சங்கிலி நாற்காலியின் கையைப் பிடித்து எழுந்தான். வலியைக் கொடுத்துவிடப் போகிறவன் முகத்தில் நிம்மதி இருக்க வேண்டும், இல்லை. ஆள் மாத்து என்று எத்தனையோ ஆயிரம் தடவை கூப்பிட்டவன், முழங்கால் மடங்கியவர்களைக் காப்பாற்றத்தான் கூப்பிட்டிருக்கிறான். நடக்க முடியாமல் நிற்கிறவள் மேல் பாரத்தை ஏற்ற ஒருநாளும் கூப்பிட்டதில்லை.

"அக்கா, என்னால முடியாது" என்றான். "வேற யாராச்சும் கூப்பிடட்டும்."

"மேஸ்திரி நீ. நீதான் கூப்பிடணும்."

"ரொம்ப வலிக்கும்க்கா."

"எனக்குத் தெரியாதா? என் சாமான்தானே. என்கிட்ட வந்தாத்தான் அது குறையும். உங்ககிட்ட இருந்தா உங்களை மாதிரியே கொழுத்துக்கிட்டுத்தான் போகும்."

அவள் வாக்கரை ஒருபக்கமாகத் தள்ளி வைத்தாள். கால்களை அகட்டி, முழங்காலைக் கொஞ்சம் தளர்த்தி, முதுகை அவன் பக்கம் திருப்பினாள். மூட்டை வாங்குகிறவர்கள் நிற்கிற நிலை. மூக்கம்மா ஒருபக்கமும் பழக்கடை சேவுகன் மறுபக்கமும் தொடாமல் கையை நீட்டி நின்றார்கள். கொட்டகை அடங்கியது. சங்கிலி வந்து அவள் முதுகோடு முதுகு கொடுத்து நின்றான். பிறகு சந்தையின் கடைசி மண்டி வரை கேட்கிற தன் பழைய குரலில், சாட்சிக்கு நின்ற அத்தனை பேரும் கேட்க, கூப்பிட்டான்:

"ஆள் மாத்து. பூச்சியம்மா மக சீனித்தாய்."